உறைமோரின் போர்க்கதை: சித்தாண்டிப் பட்டிகளும் நுண்ணங்கிகளின் படைக்கலங்களும்

புறநானூற்றின் 276ஆவது செய்யுளிலே மதுரைப் பூதன் இளநாகனார் அரியதோர் உவமையைக் கையாள்கின்றார். முதியவள் ஒருத்தியின் மகன் போர்க்களத்திலே தனியொருவனாக நின்று பகைவர் படை முழுவதையும் நிலைகுலையச் செய்கின்றான். அவனுக்கு ஒப்பாகப் புலவர் காட்டுவது புலியையோ களிற்றையோ அன்று. ஆயர்மகள் ஒருத்தி தன் நகநுனியாற் குடம் நிறைந்த பாலிலே தெறித்துவிட்ட சிறிதளவு உறையையே அவர் காட்டுகின்றார். சிறிது பெரிதை வெல்லும் என்பதே இவ்வுவமையின் கருத்தெனக் கொள்வது எளிது. ஆயின் பால் உறைதல் என்பது உண்மையிலேயே ஒரு போர் என்பதும், அப்போருக்கெனத் தனித்தனிப் படைக்கலங்களும் கவசங்களும் உள்ளன என்பதும் கடந்த ஒன்றரை நூற்றாண்டிலேதான் அறிவியலாளரால் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. அவ்வறிவு வளர்ந்த வரலாற்றை எடுத்துக்கூறி, அதன் ஒளியில் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துச் சித்தாண்டியின் தயிர்ச்சட்டியை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதியில், வந்தாறுமூலையை அடுத்து அமைந்துள்ளது சித்தாண்டி. சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் ஈழத்தவர் பலரும் அறிந்த ஊர் இது. வயலும் ஆறும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த இவ்வூரிலும் அயற் கிராமங்களிலும் நெற்செய்கையும் பட்டி வளர்ப்பும் ஒன்றையொன்று சார்ந்து நிலைபெற்று வந்துள்ளன. பெரும்போக வேளாண்மைக் காலத்திலே பயிருக்குச் சேதம் நேராவண்ணம் மாடுகளைத் தொலைவிலுள்ள தரைகளுக்குச் சாய்த்துச் செல்வதும், அறுவடை முடிந்தபின் ஊர்ப்பக்கம் கொண்டுவருவதும் பட்டிக்காரரின் ஆண்டு வழமையாகும். மட்டக்களப்பு என்றதும் மீனும் தேனும் போலவே எருமைத் தயிரும் நினைவுக்கு வருவதற்கு இவ்வாழ்க்கை முறையே காரணம் எனலாம்.

தயிர் ஆக்கும் முறை யாவரும் அறிந்ததே. பாலைக் காய்ச்சி, இளஞ்சூடு வரும்வரை ஆறவிட்டு, முன்னைநாட் தயிரிலோ மோரிலோ சிறிதளவை உறையாக இட்டு, மண்சட்டியில் அசையாது வைத்துவிடுவர். மண்சட்டியின் நுண்துளைகள் நீரைச் சிறிது உறிஞ்சி வெளியே ஆவியாக விடுவதாற் தயிர் இறுகுகின்றது, சட்டியும் குளிர்கின்றது. பசுப்பாலிற் கொழுப்பு 100க்கு ஏறக்குறைய 4 பங்காக இருக்க, எருமைப்பாலில் 7 அல்லது 8 பங்காக இருப்பதாற் சட்டியைச் சரித்தாலும் தயிர் கலையாது நிற்கும். ஆயின் இவையெல்லாம் புறத்தோற்றத்துக்குரிய காரணங்களே. அகத்தே நடப்பது வேறு.

பால் எல்லா நுண்ணங்கிகளும் விரும்பும் உணவு. காய்ச்சும்போது பெரும்பாலானவை அழிந்தாலும், வெப்பந்தாங்கும் வித்திகள் எஞ்சியிருக்கும். காற்றிலிருந்தும் கலத்திலிருந்தும் புதியவை வந்து சேரும். எனவே உறை இடப்படும் பால், காவலற்ற நகரம் போன்றது. முதலிற் புகுந்து பெருகுவது எதுவோ அதுவே அந்நகரை ஆளும். உறையிலுள்ள பற்றீரியாக்கள் பாலின் வெல்லமாகிய லக்ரோசை உண்டு, லக்ரிக் அமிலம் எனப்படும் பாலமிலத்தை வெளிவிடுகின்றன. இது வெறுங்கழிவன்று, அவற்றின் முதற் படைக்கலமும் இதுவே. இவ்வமிலம் மின்னேற்றமற்ற நிலையிற் பகை நுண்ணங்கியின் கலமென்சவ்வைக் கடந்து உட்புகுந்து, அங்கே பிரிவுற்று, கலத்தின் உட்புறத்தை அமிலமாக்கி அதன் தொழிற்பாட்டைக் குலைக்கின்றது. அமிலத்தன்மை உயர்ந்து, பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 4.6 ஆகும்போது பாலின் கேசீன் புரதம் திரள்கின்றது. மனிதன் தயிர் என்று சுவைப்பது, ஒரு சாரார் வென்று முடிந்த போர்க்களத்தையே ஆகும்.

இவ்வுண்மையின் முதற்பகுதியை வெளிக்கொணர்ந்தவர் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்ரர் ஆவார். பால் புளித்தலுக்குக் காரணம் உயிருள்ள நுண்பொருளே என்பதை 1857இல் லீல் நகரில் அவர் எடுத்துரைத்தார். புளித்தல் வெறும் இரசாயனச் சிதைவு என்று அக்காலத்துப் பேரறிஞர் சிலர் கருதியிருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. அடுத்து, சத்திரசிகிச்சையில் நுண்ணங்கித் தடையை நிலைநாட்டிய ஜோசப் லிஸ்ரர், பாலைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்து, அவ்வாய்வை 1878இல் வெளியிட்டார். இன்று லக்ரோகொக்கஸ் லக்ரிஸ் என வழங்குவது அதுவே. 1890ஆம் ஆண்டளவில் டென்மார்க்கிலே ஸ்ரோர்க், ஜேர்மனியிலே வைக்மன் முதலியோர், வெண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் வேண்டிய உறையை ஆய்வுகூடத்தில் வளர்த்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் வழியைத் திறந்தனர். வீட்டுப்பெண்களின் கையில் இருந்த உறை, போத்தலில் அடைக்கப்பட்ட வணிகப்பொருளாயிற்று.

நுண்ணங்கிகள் தம்முட் பொருதுகின்றன என்ற கருத்தும் இதே காலப்பகுதியிலேயே அரும்பியது. பாஸ்ரரும் ஜுபேரும் 1877இல், அந்திராக்சு நோய்க்கிருமியின் வளர்ச்சியைச் சாதாரண பற்றீரியாக்கள் சில தடுப்பதைக் கண்டனர். 1925இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த அந்திரே கிராத்தியா, ஒரு குடற்பற்றீரிய வகை தன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு வகையைக் கொல்லும் பொருளொன்றைச் சுரப்பதைக் காட்டினார். பகைமை வேற்றினங்களுக்கிடையில் மட்டுமன்று, உறவினருக்கிடையிலும் உண்டு என்பது இதனாற் தெளிவாயிற்று. அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினின் விளைவைக் கண்ட 1928ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கப் பாலாய்வாளர் ரொஜர்ஸ், பாலைப் புளிக்கச் செய்யும் ஒரு பற்றீரியா மற்றொன்றைத் தடுப்பதை வெளியிட்டார் என்பதை நூல்கள் பல கூறாது விடுகின்றன. பூஞ்சணத்தின் ஆயுதம் உலகப்புகழ் பெற்றது; பாற்சட்டியின் ஆயுதம் அமைதியாகவே கிடந்தது.

அவ்வமைதியைக் கலைத்தது ஒரு தொழிற்றுறைச் சிக்கலாகும். நியூசிலாந்தின் பாற்கட்டித் தொழிற்சாலைகளில், உறை இட்டபின்னரும் பால் உரியவாறு புளியாமை அடிக்கடி நேர்ந்தது. காரணத்தை ஆராய்ந்த வைற்ஹெட், சில பாற்பற்றீரியாக்கள் பிற பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றை வெளிவிடுகின்றன என 1933இல் அறிவித்தார். இங்கிலாந்தில் மற்றிக், ஹேர்ஷ் என்போர் அத்தகைய பொருளொன்றைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1947இல் அதற்கு நைசின் எனப் பெயரிட்டனர். 34 அமினோ அமிலங்களாலான சிறியதொரு புரதத்துண்டே நைசின். பற்றீரியா தன் கலச்சுவரை அமைப்பதற்குப் பயன்படுத்தும் கொழுப்புமூலக்கூறு ஒன்றை அது பற்றிக்கொள்கின்றது. இதனாற் சுவர் அமையாது தடைப்படுகின்றது. அதோடு, அதே இடத்திலே கலமென்சவ்வைத் துளைத்து உள்ளிருப்பவற்றை ஒழுகவிடுகின்றது. கோட்டை கட்டுவோனின் கல்லையே கைப்பற்றி, அக்கல்லைக்கொண்டே மதிலைத் துளைப்பதற்கு இது ஒப்பாகும்.

தான் எறியும் நஞ்சு தன்னையே கொல்லாதிருக்க, நைசினை ஆக்கும் பற்றீரியா தன் மென்சவ்வின்மீது காப்புப் புரதம் ஒன்றை உடன் அமைத்துக்கொள்கின்றது. படைக்கலமும் கவசமும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருத்தல் வியப்புக்குரியதே. 1969இல் உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, நைசினை உணவுப் பாதுகாப்புப் பொருளாக ஏற்றது. 1988இல் ஐக்கிய அமெரிக்காவும் அதனை அனுமதித்தது. ஆயர்மகளின் நகநுனியில் இருந்தது, இவ்வாறு தகரத்தில் அடைத்த உணவின் காவலனாயிற்று.

எனினும் பாற்பற்றீரியாக்களுக்குப் பெரும் பகை பிற பற்றீரியாக்கள் அல்ல. பற்றீரியாத்தின்னிகள் எனப்படும் வைரசுக்களே. இவற்றின் வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. ஆக்ராவிற் பணியாற்றிய ஹன்கின், கங்கை யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமிகளை அழிக்கும் ஏதோவொன்று உண்டெனவும், நீரைக் கொதிக்கவைத்தால் அவ்வாற்றல் அழிந்துவிடுகின்றதெனவும் 1896இல் எழுதினார். பின்னாளிற் பலர் அதனைப் பற்றீரியாத்தின்னி பற்றிய முதற் குறிப்பாகக் கொண்டனர். 1915இல் துவோற், 1917இல் டெரெல் ஆகியோர் அவற்றைத் தெளிவாக இனங்கண்டனர். 1935இல், முன்னர் கூறப்பட்ட வைற்ஹெட், கொக்ஸ் என்பவரோடு சேர்ந்து, பாற்கட்டி உறைகள் திடீரெனச் செயலிழப்பதற்கு இத்தின்னிகளே காரணமெனக் கண்டார்.

நியூசிலாந்துத் தொழிற்சாலைகள் அக்காலத்திலே ஒரே வகைப் பற்றீரியாவைக்கொண்ட தூய உறையைப் பயன்படுத்தத் தலைப்பட்டிருந்தன. ஒவ்வொரு நாளும் ஒரே தரமான பொருள் கிடைத்தல் அதன் நன்மை. ஆயின் அவ்வொரு வகையைத் தாக்கவல்ல ஒரு தின்னி புகுந்துவிட்டால், தொட்டி முழுவதும் ஒரே நாளில் தோற்றுவிடும். தூய்மையே அங்குப் பலவீனமாயிற்று. வெவ்வேறு வகைகளை நாட்கணக்கில் மாற்றி மாற்றி இட்டே அத்தொழிற்சாலைகள் பின்னர் தம்மைக் காத்துக்கொண்டன.

இதற்கு எதிர்மாறான பாடம் ஒல்லாந்திலிருந்து கிடைத்தது. அந்நாட்டுப் பாற்பண்ணைகளில் நெடுங்காலமாகக் கைமாறிவந்த கலப்பு உறைகள் சில இருந்தன. அவை தின்னிகள் நிறைந்த சூழலிலே, எவ்விதக் காப்புமின்றி, நாள்தோறும் பாலிலிருந்து பாலுக்கு மாற்றப்பட்டு வந்தவை. அவற்றின் மாதிரிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, தின்னிகள் அணுகாத தூய பாலிற் பல தலைமுறைகள் வளர்த்தபோது, அவை தம் எதிர்ப்பாற்றலை இழந்தன. ஸ்ராட்கௌடர்ஸ், லேண்டர்ஸ் என்னும் ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட கட்டுரை இவ்வேறுபாட்டை விரிவாகக் காட்டியது. பகை நாள்தோறும் தாக்கும் இடத்தில், பல்வேறு எதிர்ப்பாற்றல் கொண்ட வகைகள் பலவும் கலந்து வாழ்கின்றன; ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று அதன் பணியை ஏற்கின்றது. பகையில்லாத இடத்திலோ, விரைவாய் வளரும் ஒரு சில வகைகள் பிறவற்றை ஒதுக்கிவிடுகின்றன; பின்னர் பகை வரும்போது எதிர்த்து நிற்க எவையும் இல்லை. ஒல்லாந்தர் தம் பழைய பண்ணை உறைகளை உறைநிலையிற் பாதுகாத்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்க முற்பட்டனர். வழக்கிலிருந்த ஒன்றை, வழக்கொழியுமுன் சேமித்தமையே அவர்கள் செய்த அறிவுடைய செயல்.

பாற்பற்றீரியாக்கள் இத்தின்னிகளை எவ்வாறு எதிர்க்கின்றன என்ற வினாவுக்குரிய விடை, உயிரியல் முழுவதையும் அசைத்தது. தயிரை ஆக்கும் ஸ்ரெப்ரோகொக்கஸ் தெர்மோபிலஸ் என்னும் பற்றீரியாவை ஆராய்ந்த பறங்கூ, ஓர்வாத் முதலியோர், 2007இல் ஓர் உண்மையை நிறுவினர். தின்னியின் தாக்குதலுக்குத் தப்பிய பற்றீரியா, அத்தின்னியின் டி.என்.ஏ.யில் ஒரு சிறுதுண்டை வெட்டியெடுத்துத் தன் பரம்பரை ஏட்டிற் பதிந்துகொள்கின்றது. அதே பகை மீண்டும் வருமாயின், பதிந்த அடையாளத்தைக்கொண்டு இனங்கண்டு, அதன் டி.என்.ஏ.யை நொதியத்தால் வெட்டியெறிகின்றது. அப்பதிவு வழித்தோன்றல்களுக்கும் சென்றடைகின்றது. கிறிஸ்பர் எனப்படும் இத்தொகுதியை, பரம்பரையலகுகளை வேண்டியவாறு வெட்டும் கருவியாக மாற்றியமைத்த சார்பெந்தியே, டௌட்னா ஆகிய இரு பெண் அறிவியலாளருக்கும் 2020இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வியல்பு முதன்முதலிற் பரிசோதனையால் நிறுவப்பட்ட இடம் தயிரின் நுண்ணங்கியே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்வரலாற்றை அறிந்தபின் சித்தாண்டியின் சட்டியை மீண்டும் நோக்குதல் வேண்டும். அங்கு உறை விலைக்கு வாங்கப்படும் பொருளன்று. நேற்றைய சட்டியிலிருந்து இன்றைய சட்டிக்கும், இன்றையதிலிருந்து நாளையதற்கும் அது செல்கின்றது. ஒரு வீட்டிற் கெட்டுப்போனால் அயல்வீட்டிலிருந்து வருகின்றது. நுண்துளைகள் கொண்ட மண்சட்டி, பட்டியின் புழுதி, காலத்துக்குக் காலம் மாறும் புல் யாவும் அதனோடு கலந்துறவாடுகின்றன. ஆய்வுகூடத்தார் நோக்கில் இது தூய்மையற்ற முறை. ஆயின் ஒல்லாந்துப் பண்ணை உறைகளின் வலிமைக்கு எது காரணமாயிற்றோ, அதுவே இங்கும் தொழிற்படுகின்றது எனக் கருதுதல் பொருத்தமாகும். பலவகை கலந்த, நாள்தோறும் பகையைச் சந்தித்துப் பழகிய உறையே தலைமுறை தாண்டி நிலைக்கும்.

போர் ஒன்றே இச்சட்டியின் இயல்பென்று கொள்ளுதலும் தவறு. தயிர்ப் பற்றீரியாக்களுள் ஒன்றாகிய பல்காரிக்கஸ் பாற்புரதத்தைச் சிதைத்து மற்றதற்கு அமினோ அமிலங்களைத் தருகின்றது; தெர்மோபிலஸ் அதற்கு மாறாகப் போமிக் அமிலம் முதலியவற்றைத் தந்து உதவுகின்றது. பொது எதிரியைத் தடுப்பதற்கு இவ்வாறு கொண்டும் கொடுத்தும் வாழும் உறவும் வேண்டப்படுகின்றது. அவ்வாறே உறைக்கு எல்லாம் வல்ல ஆற்றல் உண்டெனக் கருதுதலும் ஆகாது. வெளிச்சவ்வு கொண்ட பற்றீரியாக்களை நைசின் எளிதில் அணுகமாட்டாது. கால்நடைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா அத்தகையதே. ஆதலின் பாலை நன்கு காய்ச்சியபின் உறையிடும் வழக்கம், உறையால் முடியாததை நெருப்பால் முடிக்கும் முன்னோர் அறிவென்றே கொள்ளத்தக்கது.

நுண்ணங்கிகளிடமிருந்து மனிதன் பெற்ற ஆயுதம் அவன் சட்டியையே தாக்குவதும் உண்டு. மடியழற்சி கண்ட மாட்டுக்குப் பெனிசிலின் ஏற்றி, உரிய நாட்கள் கழியுமுன் கறந்த பாலில் உறை இட்டால் அது தோயாது போகலாம். பூஞ்சணத்தின் படைக்கலம் பாற்பற்றீரியாவை வீழ்த்திவிடுவதே காரணம். மருந்து ஏற்றிய மாட்டின் பாலை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற விதி, தயிராக்குவோரின் நலனையும் காப்பது இதனால் விளங்கும்.

ஆயின் இன்று இவ்வுறையின் வாழ்வு, தின்னிகளாலோ மருந்தாலோ நேரும் இடரைக் காட்டிலும் பெரிய இடரை எதிர்நோக்குகின்றது. மயிலத்தமடு, மாதவனை ஆகிய தரைகள் மட்டக்களப்பு மாவட்டப் பட்டிக்காரர் நெடுங்காலமாகத் தம் மாடுகளைச் சாய்த்துச் சென்ற மேய்ச்சல் நிலங்களாகும். அங்கே அத்துமீறிய பயிர்ச்செய்கை நடைபெறுவதாகவும், மாடுகள் கொல்லப்படுவதாகவும் முறையிட்டு, 2023 செப்டெம்பரிலே பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். அது ஆண்டொன்றைக் கடந்தும் நீடித்தது. நிலவுரிமை, இனப்பிரச்சினை, வாழ்வாதாரம் என அதன் பொருள் பலவாகப் பேசப்பட்டது. அவை யாவும் உரியனவே. அவற்றோடு சேர்த்துப் பேசப்பட வேண்டிய மற்றொன்றும் உண்டு. மேய்ச்சற்றரை இல்லையேற் பட்டி இல்லை. பட்டி இல்லையேற் சட்டி இல்லை. சட்டி தொடர்ந்து நிறையாதவிடத்து உறையும் இல்லை. ஓலைச்சுவடி ஒன்று சில நூற்றாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தபின்னும் படிக்கப்படலாம். வீட்டு உறையோ சில வாரங்கள் கைவிடப்பட்டாற் கெட்டழியும். நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதால் மட்டுமே வாழும் தொன்மை அது.

ஆதலின் ஒல்லாந்தர் செய்ததை இங்கும் செய்தல் தகும். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் சித்தாண்டிக்கு மிக அண்மையிலேயே உள்ளது. ஊர்தோறும் வீட்டு உறைகளைத் திரட்டிப் பாதுகாப்பது விவசாய, விஞ்ஞானத்துறையினரின் பணியாகலாம். அவ்வுறையை யார் யாரிடமிருந்து பெற்றனர், எந்தத் தரையில் எந்தப் பட்டி மேய்ந்தது என்பதைக் கேட்டெழுதுதல் வரலாறு பயில்வோரின் பணியாகும். ஆயினும் உறைநிலைப் பெட்டகத்திற் சேமிப்பது முழுத்தீர்வு ஆகாது. பகையும் பாலும் நாள்தோறும் சந்திக்கும் பட்டியிலேதான் உறையின் வலிமை புதுப்பிக்கப்படுகின்றது என்பதே மேற்கூறிய வரலாறு தரும் பாடம்.

பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆய்மகளைக் காட்டுகின்றார். விடியலிலே தயிரைக் கடைந்து, மோரை விற்றுச் சுற்றத்தை உண்பிக்கும் அவள், நெய்யின் விலைக்குப் பொன்னைக் கொள்ளாது, எருமையும் நல்ல பசுவும் கன்றுமாகவே பெறுகின்றாள். பொன்னுக்குப் பால் சுரக்கத் தெரியாது என்பதை அவள் அறிந்திருந்தாள். ஆனால் அவள் பெற்ற எருமைக்கும் புல் வேண்டும். புல்லுக்குத் தரை வேண்டும். சித்தாண்டிப் பட்டிக்காரர் தெருவோரத்தில் அமர்ந்து கேட்டதும் அத்தரையையே.